மக்கரோனி ஆலையில் இல்லாதவர்கள்

அஸ்மராவின் தென்கோடியில், யூகலிப்டஸ் மரங்கள் முடிந்து செம்மண் மேடு தொடங்கும் இடத்தில், மக்கரோனி ஆலை ஒன்று உள்ளது. இத்தாலியர் கட்டியது. அவர்கள் போன பிறகு அங்கே ஒரு பிடி மக்கரோனிகூடப் பிழியப்படவில்லை. ஆயினும் வாயிற்கதவின் மேல் வளைந்து நிற்கும் பெயர்ப்பலகையை எவரும் கழற்றவில்லையாதலின், அரசாங்கத்தைப் பொறுத்தமட்டில் அது இன்றும் மக்கரோனி ஆலையே. மக்கரோனி செய்யாத ஆலைக்கு மதில்மேல் முள்கம்பி எதற்கு, நான்கு மூலையிலும் காவற்கோபுரம் எதற்கு, சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தது எதற்கு என்றெல்லாம் வினவுவது அவ்வூரில் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. பேருந்து நடத்துநர்கூட அந்த நிறுத்தம் வந்தால் பெயரைச் சொல்லாமல் தொண்டையைச் செருமுவார். இறங்க வேண்டியவர்கள் இறங்கிக்கொள்வார்கள்.

சனிக்கிழமைக் காலைகளில் அங்கே இறங்குவோர் யாவர் கையிலும் தூக்குச்சட்டி இருக்கும். அவர்களுள் ஒருவர் ஹப்தெஸ்கி. கெஜெரெத் பகுதியில் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஐம்பதைக் கடந்தவர். எவரோடும் வாக்குவாதம் செய்யாதிருந்தால் நெடுநாள் வாழலாம் என்னும் கொள்கையை உடையவர். அக்கொள்கையைத் தம் தம்பி கிதானெயிடமும் பலமுறை எடுத்துரைத்தவர்.

கிதானெ பள்ளி ஆசிரியர். ஆசிரியப்பணியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை; தேசியச் சேவைக்கு அழைத்துச் செல்லப்பட்டவரிடம், துப்பாக்கிக்குப் பிறகு சுண்ணக்கட்டியைக் கொடுத்திருந்தார்கள். சட்டப்படி அச்சேவை பதினெட்டு மாதம். அவர் மீசை அரும்பும் வயதில் சென்றார்; இப்போது அம்மீசை நரைத்துவிட்டது.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலையில் வட்டாரக் கூட்டம் நடந்தது. நாட்டை ஆளும் முன்னணியின் பிரதிநிதி நெடுநேரம் பேசி, இறுதியில் வழக்கம்போல், "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். அது கேள்வியன்று, கூட்டம் முடிந்ததற்கான அறிகுறி. அவ்வாசகம் காதில் விழுந்ததும் மக்கள் எழுந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்குவது மரபு. அன்றும் தொடங்கினார்கள். கிதானெ மட்டும் அதனைக் கேள்வி என்றே எடுத்துக்கொண்டு கையை உயர்த்திவிட்டார்.

"பதினெட்டு மாசம்னு சொல்லித்தானே கூட்டிக்கிட்டுப் போனீங்க? எனக்கு மீசையே நரைச்சிருச்சு. அந்தப் பதினெட்டாவது மாசம் எப்ப வரும்?"

நாற்காலிகள் பாதி அடுக்கியபடியே நின்றன. பிரதிநிதி புன்னகை செய்தார். "ரொம்ப நல்ல கேள்வி. இந்த மாதிரி இளைஞர்கள்தான் நாட்டுக்கு வேணும். இதுக்கு விவரமாப் பதில் சொல்லணும்," என்றார்.

சொன்னபடியே மறுநாள் விடியற்காலையில் இருவர் வந்து, விவரமான பதில் தருவதற்காகக் கிதானெயை அழைத்துச் சென்றனர். பதில் மிகவும் விரிவானது போலும். மாதங்கள் பல சென்றும் முடிந்தபாடில்லை.

முதல் சனிக்கிழமை ஹப்தெஸ்கி சென்றபோது, வாயிற்கதவில் தலை நுழையாத அளவில் ஒரு சாளரம் திறந்திருந்தது. அதன் பின்னே பெரெகெத் என்னும் காவலன், கன்னம் ஒட்டிப்போய் நின்றான். அவனும் பதினெட்டு மாதத்துக்காக வந்தவனே.

"யாருக்கு?"

"கிதானெக்கு. கெஜெரெத்து வாத்தியார்."

"அப்படி யாரும் இங்க இல்ல."

"சரிங்க," என்று ஹப்தெஸ்கி தூக்குச்சட்டியுடன் திரும்பினார்.

"அண்ணே! எங்க போறே?"

"நீங்கதானே இல்லேன்னீங்க."

"ஆளு இல்லேன்னுதானே சொன்னேன்? சட்டியை வெக்காதேன்னா சொன்னேன்?"

ஹப்தெஸ்கி ஒன்றும் விளங்காமல் சட்டியை நீட்டினார். காவலன் வாங்கிக்கொண்டு, சென்ற வாரத்துச் சட்டி ஏதும் இல்லாமையால், அடுத்தவரை அழைத்தான். வரிசையில் பின்னால் நின்ற சிற்றுடல் கொண்ட ஒரு அம்மையார் வெள்ளைப் போர்வையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார். லெத்திஷ் அம்மா என்று வரிசை முழுவதும் அழைக்கப்பட்டவர் அவர். மகன் தெக்லெ அச்சடிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவன். அவன் அந்த ஆலைக்குள் இல்லாமற்போய் மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

"புதுசா, மகனே? பயப்படாதே. இல்லேன்னு சொல்லிட்டுச் சட்டியை வாங்கிக்கிட்டான்னா, உன் தம்பி இருக்கான். இல்லேன்னு சொல்லிட்டுச் சட்டியையும் திருப்பிக் குடுத்தான்னா..." என்று நிறுத்தினார். "இருக்கான்னு சொன்னா?" என்று ஹப்தெஸ்கி கேட்டார். "அப்படிச் சொன்னதே கிடையாது. சொன்னா நான் பயந்துருவேன்."

அடுத்த சனிக்கிழமை வெற்றுச்சட்டி திரும்பி வந்தது. ஹப்தெஸ்கியின் மனைவி அப்ரெஹெத் அதனை முகர்ந்து பார்த்தாள்; விரலால் அடியைத் தடவினாள்; பிறகு அதைக் கழுவாமல் இரவு முழுவதும் கட்டிலருகே வைத்திருந்தாள். மணமாகி வந்தபோது மூக்கொழுகிக்கொண்டு நின்ற கிதானெயைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்.

இவ்வாறு சட்டி நிறைந்து போவதும் வெறுமையாய் வருவதுமாகக் காலம் சென்றது. உள்ளே இருக்கிறான் என்பதற்கு அதைத் தவிர வேறு சான்று ஏதும் இல்லை.

ஒருநாள் பெரெகெத் சட்டியைக் கொடுக்கும்போது, "அப்படி யாரும் இங்க இல்ல. ஆனா உப்பு ஜாஸ்தியாம், குறைச்சுக்கச் சொன்னாங்க," என்றான்.

அச்செய்தியைக் கேட்ட அப்ரெஹெத் அடுப்படியிலேயே அமர்ந்து அழுதாள். "உப்பு ஜாஸ்தின்னு சொன்னானா? என் கண்ணு! உயிரோட இருக்கான் ஹப்தே! செத்தவனுக்கு உப்புத் தெரியுமா?" அன்று முதல் ஷிரோ என்னும் கடலைமாவுக் குழம்பில் உப்பு பாதியாயிற்று. அடுத்த மாதம் வெங்காயம் நன்றாக வதங்கவில்லை என்று செய்தி வந்தது. அதற்கடுத்து, மிளகாய்ப் பொடியில் ஏலம் போதாது என்று வந்தது. இல்லாதவர்களின் நாக்கு நாளுக்கு நாள் நுட்பமடைந்துகொண்டே போவதை வரிசையிலுள்ளோர் அனைவரும் கவனித்தார்கள். கவனித்ததை எவரும் எவரிடமும் சொல்லவில்லை.

பின்னர் உணவுச் சோதனைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. உணவில் நஞ்சு இருக்கிறதா என்பதையும், கருத்து இருக்கிறதா என்பதையும் ஆராய்வது அதன் கடமை. திருநாளை ஒட்டி அப்ரெஹெத் ஹிம்பாஷா ரொட்டி சுட்டு, வழக்கம்போல் நடுவிலிருந்து கதிர்களாகக் கோடு கீறி அனுப்பியிருந்தாள். குழுத்தலைவர் அதை இருகையாலும் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்தக் கோடு எங்க போகுது?"

"ஓரத்துக்குங்க," என்றார் ஹப்தெஸ்கி.

"எல்லாக் கோடும் ஓரத்துக்கா?"

"ஆமாங்க. ரொட்டியிலே அப்படித்தான்."

"ஓரத்துக்கு அப்புறம்?"

"ஓரத்துக்கு அப்புறம் ரொட்டி இல்லீங்க."

"எல்லையைத் தாண்டி ஓடறதுக்கு வழி காட்டறீங்களா? தெற்கே போற கோடு மத்ததைவிட ஆழமா இருக்கே?"

வடக்கு தெற்கு பார்த்து ரொட்டி சுடுவதில்லை என்று ஹப்தெஸ்கி பணிவுடன் விளக்கினார். குழு கூடிப் பேசி, ரொட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கிவிட்டால் எந்தக் கோடும் எங்கும் போகாது என்று முடிவு செய்தது. நறுக்கும் பொறுப்பையும், அதன்பின் ஆகவேண்டியதையும் குழுவே ஏற்றுக்கொண்டது.

தை மாதக் குளிரில் ஹப்தெஸ்கிக்கு உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. மேஜர் வெல்து காண விரும்பினார். ஆலையின் உற்பத்தித் தலைவர் என்பது அவருடைய பதவிப் பெயர். மேசைமேல் மக்கரோனி மாதிரிகள் கண்ணாடிக் குடுவையில் இருந்தன. அவற்றின் மேல் இத்தாலியர் காலத்துத் தூசி படிந்திருந்தது.

"உக்காருங்க, உக்காருங்க. உங்க வீட்டுச் சமையலைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்," என்று மேஜர் அன்புடன் வரவேற்றார். "அடுத்த மாசம் நன்றி விழா வெச்சிருக்கோம். இங்க இல்லாதவங்களோட குடும்பமெல்லாம் மேடையேறி நன்றி சொல்லணும். யாரும் கட்டாயப்படுத்தலை. நீங்கதான் முதல்ல பேசறீங்க."

"எதுக்கு நன்றிங்க ஐயா?"

"உங்க தம்பி இங்க இல்லைல்ல?"

"இல்லேன்னுதான் சொல்றாங்க."

"அதுக்குத்தான்."

பணியாளன் தேநீருடன் வறுத்த கடலை கொண்டுவந்தான். ஹப்தெஸ்கி மரியாதைக்காகத் தட்டை மேஜரின் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு வேண்டாம். உப்பு போட்டது," என்று மேஜர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "ரத்தக்கொதிப்பு. டாக்டர் உப்பைப் பாதியாக்கச் சொல்லி மூணு மாசமாச்சு. நாக்கு செத்துப்போச்சு போங்க."

ஹப்தெஸ்கியின் கையிலிருந்த தேநீர் சற்றே அலைந்தது. மேஜர் அதைக் கவனித்து, குளிர் அதிகந்தான் என்றார்.

அவர் இதனை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமலே வைத்திருந்து, நன்றி விழா வரையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அரை உப்புக் குழம்பைச் சுமந்து சென்றார்.

விழா ஆலை முற்றத்தில் நடைபெற்றது. செங்கல் அடைத்த சன்னல்கள் மூன்று பக்கமும் சூழ்ந்திருந்தன. குடும்பத்தார் தூக்குச்சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக அமர்ந்தார்கள். ஹப்தெஸ்கி மேடையேறி, கொடுத்திருந்த வாசகத்தை ஒப்பித்தார்:

"என் தம்பி கிதானெ இங்கே இல்லை. அவன் இல்லாத இந்நாட்களில் அவனை இவ்வளவு அக்கறையுடன் பார்த்துக்கொண்டு வரும் முன்னணிக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி."

'இல்லை' என்னும் சொல்லில் அவர் குரல் உடைந்தது. மேஜர் அவ்வுணர்ச்சியை மெச்சி முதலில் கைதட்டினார். பிறகு தாமே எழுந்து உரையாற்றினார்.

"வெளிநாட்டுக்காரன் என்ன பேசறான்? நாம ஜனங்களை அடைச்சு வெச்சிருக்கோமாம். விசாரணையே கிடையாதாம். நான் கேக்கறேன், இல்லாத ஆளை எப்படிய்யா விசாரிக்கிறது? கோர்ட்டுல நிறுத்தணும்னா ஆளு வேணும்ல? மத்த நாட்டைப் பாருங்க. ஆயிரம் பேரு உள்ள, ரெண்டாயிரம் பேரு உள்ளன்னு வெக்கமில்லாம வெளியிடறான். நம்ம நாட்டுல? ஒருத்தன்கூடக் கிடையாது! ஒருத்தன்கூட இல்லாத இடத்துல இத்தனை காவல் போட்டு, இத்தனை சாப்பாடு வாங்கி வெக்கிறோமே, இந்த மனசு எந்த அரசாங்கத்துக்கு வரும்?"

"சாப்பாடு நாமதானே கொண்டுவர்றோம்," என்று லெத்திஷ் அம்மா உதடசையாமல் சொன்னார்.

அப்போது அடைபட்ட சன்னல் ஒன்றின் பின்னாலிருந்து இருமல் ஒலி கேட்டது. நீண்ட, ஈரமான இருமல். முற்றம் முழுவதும் மூச்சை அடக்கியது. அங்கிருந்த ஒவ்வொருவர் முகத்திலும் அது தம் வீட்டு இருமல் என்னும் மலர்ச்சி ஒரு கணம் தோன்றிற்று. ஹப்தெஸ்கியும் கழுத்தை நீட்டிக் கேட்டார். சிறுவயதில் கிதானெ அப்படித்தான் இருமுவான். எல்லாச் சிறுவர்களும் அப்படித்தான் இருமுவார்கள்.

"மெஷின்," என்றார் மேஜர். "மக்கரோனி மெஷின். பழசு."

ஒலிபெருக்கியில் எழுச்சிப்பாடல் போடப்பட்டது. அது முடிந்தபோது இருமலும் முடிந்திருந்தது. யாரோ உள்ளே விரைந்து சென்று, இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்கள் போலும்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் மேஜர்.

நாற்காலிகள் மிக ஒழுங்காக அடுக்கப்பட்டன.

அன்று வீடு திரும்பிய ஹப்தெஸ்கி, மேஜரின் உப்பைப் பற்றி மனைவியிடம் சொல்லிவிட்டார். அப்ரெஹெத் அழவில்லை. தைத்தா அப்பம் சுடும் வட்டக்கல்லை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தனை நாளா தின்னது அந்தத் தடியனா?"

"அவனும் தின்னிருக்கலாம். இவனுக்கும் குடுத்திருக்கலாம். எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுக்கலாம்," என்றாள் அவள். "நாளன்னிக்குப் பெருநோன்பு ஆரம்பிக்குது. நோன்புல உன் தம்பி கறி தொடுவானா?"

தொடமாட்டான் என்பது கெஜெரெத் முழுவதும் அறிந்தது. எல்லைப்போரின்போது பதுங்குகுழியில் நோன்புக்காலத்தில் இறைச்சி டப்பாக்கள் வந்தன. கிதானெ தம் பங்கை மற்றவர்க்குக் கொடுத்துவிட்டு, காய்ந்த ரொட்டியை மென்று மயங்கி விழுந்தார். தளபதி கன்னத்தில் அறைந்தும் வாயைத் திறக்கவில்லை.

"ஸிக்னிக் கறி சமைச்சுக் குடுத்தனுப்புவோம்," என்றாள் அப்ரெஹெத். "காவக்காரப் பசங்க நம்ம வீட்டுப் பிள்ளைங்கதானே, பட்டினி கிடந்தாலும் நோன்புல கறி தொடமாட்டானுங்க. அந்த மேஜருக்கு நோன்பு கிடையாது. அவனுக்காக உப்பை அள்ளிக் கொட்டறேன். அவனும் தொடமுடியாது. சட்டி அப்படியே திரும்பி வந்துச்சுன்னா, வேண்டாம்னு தள்ளினது நம்ம கிதானெ. உயிரோட இருக்கான்."

"காலியா வந்தா?"

அவள் வட்டக்கல்லைக் கவிழ்த்து வைத்தாள்.

நோன்புக்காலத்தில் கிறித்தவர்களின் இறைச்சிக் கடைகள் மூடியிருக்குமாதலால், ஹப்தெஸ்கி பள்ளிவாசல் தெருவுக்குச் சென்றார். அவரிடம் மிதிவண்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் ஹாஜி நூருசேன் கத்தியைத் தீட்டியபடி ஏறிட்டுப் பார்த்தார்.

"என்ன ஹப்தெஸ்கி, வழி தவறி வந்துட்டியா? உங்காளுங்க யாரும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டாங்களே இப்ப! உடம்பு சரியில்லையா?"

"எனக்கில்ல ஹாஜி."

"பொண்டாட்டிக்கா?"

"இல்ல. இங்க இல்லாத ஒருத்தனுக்கு."

ஹாஜியார் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கொழுப்பில்லாத, எலும்போடு கூடிய மென்மையான துண்டாகத் தேடி எடுத்து வெட்டினார். தாளில் சுற்றிக் கொடுத்தார். அவருடைய மருமகனும் எங்கோ இல்லாமல் இருந்தான்.

சன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் துணி திணித்து, அப்ரெஹெத் கறி சமைத்தாள். நோன்பிருப்பவள் வாயில் வைத்துப் பார்க்கலாகாது. ஆதலின் பதம் பாராமலே உப்பைப் பிடிபிடியாகப் போட்டாள். மணம் எப்படியோ வெளியேறி, வட்டாரக் குழுவைச் சேர்ந்த பக்கத்துவீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

"என்னடி அப்ரெஹெத், கறி வாசனை தூக்குது? நோன்பு முறிச்சுட்டியா?"

"பழைய சட்டியைச் சூடு பண்ணினேன் அக்கா. போன மாசத்து வாசனை."

"போன மாசத்து வாசனைக்கு வாயில எச்சில் ஊறுதே!" என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை சாளரத்தில் பெரெகெத் மூடியைத் திறந்தான். சிவந்த எண்ணெய் மினுங்க, ஆவி அவன் முகத்தில் அடித்தது. அவன் கண்கள் மூடிக்கொண்டன. தொண்டை ஏறி இறங்கியது. பிறகு மார்பில் சிலுவைக் குறியிட்டுக்கொண்டு மூடியை இறுக மூடினான்.

"அண்ணே, நோன்பு."

"தெரியும்."

"தெரிஞ்சே குடுக்கறியா?" என்று அவரை உற்றுப் பார்த்தான். பின், அவன் முகத்தில் ஏதோ புரிந்ததற்கான நிழல் விழுந்தது. "அப்படி யாரும் இங்க இல்ல," என்று முணுமுணுத்துச் சட்டியை உள்ளே எடுத்துக்கொண்டான். அவன் அதனை அவ்வளவு மெதுவாக என்றும் சொன்னதில்லை.

அவ்வாரம் ஹப்தெஸ்கியின் கடையில் பழுதுக்கு வந்த மிதிவண்டிகள் பழுதுடனே திரும்பின. சட்டி நிறைந்து திரும்ப வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். அவ்வாலை வாயிலில் நிறைந்த சட்டிக்காக வேண்டிக்கொண்ட மனிதர் அவருக்கு முன் எவரும் இருந்திரார்.

சட்டி காலியாக வந்தது. வழித்துத் துடைத்த சட்டியில் கிடந்த எலும்பின் உள்ளீடுகூட உறிஞ்சப்பட்டிருந்தது. பெரெகெத் அவர் முகத்தைப் பாராமல் நீட்டினான்.

"யாரு தின்னாங்க?" என்று ஹப்தெஸ்கி கேட்டார். தம் வாழ்நாளில் அவர் அரசாங்கத்தைக் கேட்ட முதற்கேள்வி அது.

பெரெகெத் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து அழைப்பு வந்தது.

மேஜர் வெல்து நாற்காலியில் தளர்ந்திருந்தார். அவர் முன் ஒரு கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. கண் இமைகளும் கணுக்கால்களும் வீங்கியிருந்தன.

"வாங்க, வாங்க. உங்களுக்கு ஒரு சந்தோஷ சமாச்சாரம்," என்று கூறி ஒரு குவளைத் தண்ணீர் குடித்தார். "உங்க தம்பி முன்னேறிட்டான்."

"அவன் இங்க இல்லேன்னு..."

"இல்ல. இல்லாமலேதான் முன்னேறியிருக்கான். நீங்க கறி அனுப்பினீங்க. நோன்புன்னு தெரிஞ்சே அனுப்பினீங்க. பரவாயில்ல, அதை அப்புறம் பேசுவோம். அவன் என்ன பண்ணினான்? தின்னான்! போர்முனையில, தளபதி அறைஞ்சும் வாயைத் திறக்காதவன் ஒரு துண்டு விடாமத் தின்னான்." இன்னொரு குவளை. "மூடநம்பிக்கையெல்லாம் போயிடுச்சு. சாமியார் நூறு வருஷத்துல பண்ணமுடியாத காரியத்தை இந்த ஆலை அஞ்சாறு மாசத்துல பண்ணியிருக்கு. மனுசனை அடிச்சு மாத்தறதுன்னு வெளிநாட்டுக்காரன் சொல்றான். அடிச்சா யாரு மாறுவான்? அடிச்சது போக மீதி நேரத்துலதான் மாத்தறோம்." இன்னொரு குவளை. அன்று மேஜருக்கு ஏனோ அளவுகடந்த தாகம். "அடுத்த நன்றி விழாவுல நீங்க அதைப் பத்திப் பேசணும்."

ஹப்தெஸ்கி கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பணியாளன் வந்து அதை மீண்டும் நிரப்பிச் சென்றான்.

"ஐயா, இனிமே நான் சாப்பாடு கொண்டுவர வேண்டாம்ங்களா?"

மேஜரின் வீங்கிய இமைகள் உயர்ந்தன. "ஏன்?"

"அவன் இல்லேன்னுதானே..."

"இதப் பாருங்க," என்று மேஜர் குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில், ஏறக்குறையக் கனிவுடன் பேசினார். "நீங்க கொண்டுவரதை நிறுத்தினா என்ன அர்த்தம்? உங்க தம்பி இல்லேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டதா அர்த்தம். அப்புறம் உங்க சம்சாரம் வீட்டுல உக்காந்து ஒப்பாரி வெப்பாங்க. அக்கம்பக்கம் கூடும். துக்கம் கேக்க வருவாங்க. அனுமதியில்லாத கூட்டம். அவன் இல்லேன்னு சொல்ற அதிகாரம் இந்த நாட்டுல எங்களுக்கு மட்டுந்தான் இருக்கு. நாங்க சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க சொல்லக்கூடாது." நிமிர்ந்து அமர்ந்தார். "சனிக்கிழமை கொண்டாங்க. உப்பை மட்டும் பாத்துப் போடச் சொல்லுங்க. தின்னுட்டு... அவன் ரொம்பக் கஷ்டப்பட்டுட்டான்."

வீட்டு வாசலிலேயே அப்ரெஹெத் நின்றிருந்தாள். அவர் சட்டியை நீட்டுமுன் பறித்துத் திறந்தாள். அவள் முகம் கல்லாயிற்று.

"நம்ம பையன்தான் தின்னானாம்," என்றார் ஹப்தெஸ்கி. "மேஜரே சொன்னாரு."

"நோன்புலயா?"

"பசி, அப்ரெஹெத். என்ன பசியோ."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அல்லது அழுதாள். "பாவிப்பய! தளபதி அறைஞ்சப்போகூடத் திங்காதவன்... அத்தனை உப்பையுமா? தண்ணி குடுத்திருப்பாங்களா அவனுக்கு?"

கூஜாவைப் பற்றி அவர் சொல்லவில்லை.

மறுநாள் ஹப்தெஸ்கி கெப்ரியேல் கோயிலுக்குச் சென்று, தம் குடும்பத்தின் பாவங்களைக் கேட்டு வந்த பாதிரியார் ஸெரேயைக் கண்டார். அம்முதியவர் நோன்பின் பசியாலும் தொண்டைக்கட்டாலும் எரிச்சலில் இருந்தார்; முற்றத்தில் வெயிலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார்.

"சீக்கிரம் சொல்லு. என்ன பாவம் பண்ணினே?"

"நான் இல்ல சாமி. என் தம்பி. நோன்புல கறி தின்னுட்டான். பிராயச்சித்தம் வேணும்."

"அவனை வரச்சொல்லு."

"வரமுடியாத இடம்."

பாதிரியாரின் எரிச்சல் தணிந்தது. "தின்னதை நீ பாத்தியா?"

ஹப்தெஸ்கி யாவற்றையும் கூறினார். அரை உப்பை, பிடி உப்பை, வீங்கிய கணுக்காலை, நிரப்பிய கூஜாவை, மனைவியிடம் சொல்லாததையும் கூறினார். பாதிரியார் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் கட்டினார்.

"ஹப்தெஸ்கி, பிராயச்சித்தம் உசுரோட இருக்கிறவனுக்குத்தான். செத்தவனுக்கு வேற ஜெபம் இருக்கு. நீ சொல்றதைக் கேட்டா, எனக்கு அந்த ஜெபந்தான் வாயில வருது."

"அது வேண்டாம் சாமி!" என்று ஹப்தெஸ்கி அவர் கையைப் பற்றிக்கொண்டார். வாழ்நாளில் எவரோடும் வாக்குவாதம் செய்யாதவர், கடவுளின் முற்றத்தில் குரல் உயர்த்தினார். "அந்த ஜெபத்தை ஒருதரம் சொல்லிட்டீங்கன்னா திருப்பி வாங்கமுடியாது. அவன் பாவியாவே இருக்கட்டும். தின்னான் சாமி. அவன்தான் தின்னான். எவ்வளவு பெரிய தண்டனைன்னாலும் குடுங்க, அவனுக்குப் பதிலா நான் செய்யறேன்."

பாதிரியார் எழுந்து நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்டிப்பான குரலில், உயிர்த்தெழுந்த பெருநாள் வரையில் காலைதோறும் இம்முற்றத்துக் கல்லில் நெற்றிபட விழுந்து தெண்டனிட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். நோன்பை முறித்தவனுக்கு விதிக்கும் முழுத் தண்டனை. ஒரு விழுகைகூடக் குறைக்கவில்லை. ஹப்தெஸ்கி அவர் கையை முத்தமிட்டார்.

காலைதோறும் அவர் விழுந்து எழுந்தார். நெற்றி தடித்தது. கோயிலுக்கு வருவோர் விலகிச் சென்றார்கள். என்ன குற்றத்துக்காக என்று எவரும் வினவவில்லை. அது நாகரிகம் அன்று.

அடுத்த வாரத்தில் ஒருநாள் அவர் விழுந்து எழுகையில், பக்கத்தில் ஒரு வெள்ளைப் போர்வை நின்றது. லெத்திஷ் அம்மா. அவர் கையில் தூக்குச்சட்டி இல்லை.

"யாருக்காகச் செய்யறே மகனே?"

"தம்பிக்கு. நோன்பு முறிச்சுட்டான்."

"சாமி ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டாரு."

அம்மையார் தலையசைத்துவிட்டு, பாதிரியாரின் முன் சென்று மண்டியிட்டார்.

"என் மகன் தெக்லெக்கும் பிராயச்சித்தம் குடுங்க சாமி."

"அவன் என்ன பாவம் பண்ணினான் தாயி?"

லெத்திஷ் அம்மா யோசித்தார். தெக்லெ பொய் சொல்லி அறியான், குடித்தறியான், நோன்பு முறித்தறியான். அவர் உதடுகள் ஒவ்வொரு பாவமாகச் சொல்லிப் பார்த்துக் கைவிட்டன.

"ஏதாவது பண்ணியிருப்பான் சாமி."

"ஏதாவதுன்னா எப்படி? பேரு சொல்லணும்ல?"

"எனக்கெப்படித் தெரியும்? அவனைப் பாத்து மூணு வருஷமாச்சு. சனிக்கிழமை சட்டியை அப்படியே திருப்பிக் குடுத்துட்டாங்க." அவர் பாதிரியாரின் அங்கியின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "பண்ணியிருக்கணும் சாமி. போன வாரம் பண்ணியிருக்கணும்."

பாதிரியார் ஹப்தெஸ்கியின் அருகிலிருந்த கல்லைக் காட்டினார்.